மெய்நிகர் பாலைவனம்: அயல்மொழிக் கற்பித்தலும் கணினிச் சூழலும்

ஆங்கிலத்தில் 'விர்ச்சுவல்' என வழங்கும் சொல்லைத் தமிழறிஞர்கள் 'மெய்நிகர்' என ஆக்கிக்கொண்டனர். மெய்க்கு நிகரானது என்பது அதன் பொருள். அரபு மொழியினரோ அதே கருத்துக்கு 'இஃப்திராளீ' என்னும் சொல்லைத் தேர்ந்தனர். ஒன்றை உள்ளதாக வைத்துக்கொள்ளுதல், அனுமானித்தல் என்பது அதன் பொருள். நமக்கு நன்கு பழக்கமான 'ஃபர்ளு' என்னும் சொல் பிறந்த அதே வேரிலிருந்து பிறந்தது அது. ஒரே பொருளுக்கு இரு மொழிகள் இட்ட பெயர்களில் இரு வேறு தீர்ப்புகள் அடங்கியிருக்கின்றன. 'இது ஏறத்தாழ மெய்யே' என்கிறது தமிழ்ச் சொல். 'இதை மெய்யென்று வைத்துக்கொள்வோம்' என்பதோடு நின்றுவிடுகிறது அரபுச் சொல். அயல்மொழிக் கற்பித்தலைப் பொறுத்தவரை இவ்விரண்டில் எது சரி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினிக்குள் ஒரு தெருவும் கடையும் வீடும் வரையப்படுகின்றன. மாணவன் ஒரு பொம்மை உருவத்தை ஏற்று அதனுள் நுழைகிறான். எதிர்ப்படுவோரிடம் தான் கற்கும் மொழியில் பேசுகிறான். எதிர்ப்படுவோர் மற்றொரு நாட்டு மாணவராகவோ ஆசிரியராகவோ இருக்கலாம். வெறும் இயந்திரப் பாத்திரமாகவும் இருக்கலாம். மாணவனை அந்த மொழியின் நாட்டுக்கு அனுப்ப முடியாவிட்டால் நாட்டையே மாணவனிடம் கொண்டுவந்துவிடலாம் என்பது இம்முறையை முன்வைப்போரின் வாதம். நம் அரபுக் கல்லூரிகளின் நிர்வாகிகளும் இன்று இதைப் பற்றி வினவத் தொடங்கியுள்ளனர். ஆகவே ஆசிரியர்கள் ஆய்ந்து விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

பாதியாவைத் தேடி

சூழலிலிருந்தே மொழி வர வேண்டும் என்னும் எண்ணம் கணினி யுகத்தில் பிறந்ததன்று. மக்கா நகரத்துக் குறைஷியர் தம் குழந்தைகளைப் பாலைவனக் கோத்திரங்களிடம் வளர அனுப்பினர். நபி (ஸல்) அவர்கள் பனூ ஸஅத் கோத்திரத்தில் அன்னை ஹலீமாவிடம் வளர்ந்ததை நாம் அறிவோம். நல்ல காற்றுக்காக மட்டுமன்றித் தூய மொழிக்காகவும் பாதியா எனப்படும் அப்பாலை வெளி நாடப்பட்டது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஹுதைல் கோத்திரத்தாருடன் தங்கி அவர்களின் மொழியையும் கவிதையையும் கற்றார். நஹ்வுக் கலையின் கூஃபா மரபுக்குத் தலைவராக விளங்கிய கிஸாயீ, பஸ்ராவின் கலீல் இப்னு அஹ்மதிடம் 'இவ்வறிவை எங்கிருந்து பெற்றீர்?' என வினவினார். ஹிஜாஸ், நஜ்த், திஹாமா ஆகிய பாலைகளிலிருந்து என்று விடை வந்ததும், அவரும் பாலைக்குப் புறப்பட்டார். பதினைந்து மைக்குப்பிகள் தீரும்வரை எழுதிக்கொண்டு திரும்பினார் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அரபியராய்ப் பிறந்தவர்க்கும் அரபுச் சூழலில் வளர்ந்தவர்க்குமே இத்தேடல் தேவைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

இத்தேடலுக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் இப்னு கல்தூன். 1377இல் எழுதிய முகத்திமாவில் அவர் மொழித்திறனையும் மொழியின் இலக்கண அறிவையும் தெளிவாகப் பிரிக்கிறார். முன்னதை 'மலகா' என்கிறார். திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்தில் ஊன்றிவிடும் ஆற்றல் அது. பின்னது அந்த ஆற்றலின் விதிகளைப் பற்றிய அறிவு மட்டுமே. தையற்கலையைச் சொல்லால் விளக்கத் தெரிந்தும் ஊசியைப் பிடித்துத் தைக்கத் தெரியாதவனை அவர் இதற்கு உவமையாக்குகிறார். இலக்கண விதிகளில் கரைகண்ட பலர், ஒரு நண்பருக்கு இரண்டு வரி எழுதச் சொன்னால் தடுமாறுவதையும் சுட்டிக்காட்டுகிறார். செவியையே எல்லா மொழித்திறன்களுக்கும் மூலமாகக் கொள்கிறார்.

இன்னும் ஒரு படி மேலே சென்று, முளர் குலத்தாரின் தூய அரபு தம் காலத்தில் பேச்சு வழக்கில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கொரு வழியும் கூறுகிறார். திருக்குர்ஆன், ஹதீஸ், முன்னோரின் உரை, கவிதை ஆகியவற்றை மிகுதியாக மனனம் செய்து, அவர்களிடையே பிறந்து வளர்ந்தவனைப் போல் ஒருவன் தன்னை ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அவ்வழி. வாழ்வில் கிடைக்காத சூழலை நினைவுக்குள் கட்டியெழுப்புதல் அன்றோ இது! இன்றைய மொழியில் சொன்னால், இதுவும் ஒரு மெய்நிகர் சூழலே. அதற்குத் திரையும் மின்சாரமும் தேவைப்படவில்லை. அதன் கட்டுமானப் பொருள், உண்மையான மனிதர்கள் உண்மையான தருணங்களில் பேசிய சொற்கள்.

மலையும் அடிவாரமும்

சூழலை மனிதர் திட்டமிட்டு ஆக்கலாம் என்பதற்குத் தொலைதூரச் சான்றுகள் தேவையில்லை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்பவர் அடிவாரத்தைக் கடந்ததும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறார். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் சேர்வராயன் மலைமேல் காப்பித் தோட்டங்களோடும் ஓய்வு மாளிகைகளோடும் ஒரு மொழிச் சூழலும் உருவாயிற்று. 1894இல் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் பள்ளியும், 1917இல் புனித கபிரியேல் சபையினர் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியும் சமவெளிக் குடும்பங்களின் பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து ஆங்கிலத்தில் வளர்த்தன. வகுப்பறை, உணவுக்கூடம், விளையாட்டுத்திடல் எங்கும் ஒரே மொழி என்பதால் அப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பாடமாக அன்றி வாழ்க்கையாக வந்தது. ஏற்காட்டின் குளிர் இயற்கை தந்தது. அந்த ஆங்கிலமோ முற்றிலும் மனிதர் ஆக்கியது. அம்மலையிலேயே தலைமுறைகளாக வாழும் மலையாளி பழங்குடியினரின் பேச்சு வேறு. பள்ளி வளாகங்களின் பேச்சு வேறு. ஆக்கப்பட்ட எந்தச் சூழலும் சிலவற்றை உள்ளே சேர்ப்பது போலவே சிலவற்றை வெளியே நிறுத்தவும் செய்யும் என்னும் பாடத்தையும் ஏற்காடு தருகிறது.

இதே மலையின் அடிவாரத்தில் அரபு கற்பிக்கும் என் போன்றோர் காணும் நிலை வேறு. எங்கள் மாணவர்கள் மீஸானில் தொடங்கி ஹிதாயத்துந் நஹ்வு, காஃபியா, அல்ஃபிய்யா என ஏழாண்டுகள் படிக்கிறார்கள். ஒரு வாக்கியத்தின் இஃராபை அரபு நாட்டுப் பட்டதாரியே வியக்கும்படி பிரித்துக் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பட்டதாரி எதிரே வந்து நலம் விசாரித்தால் வாய் கட்டிக்கொள்கிறது. மறுபுறம், பள்ளிப் படிப்பை முடிக்காமல் வளைகுடாவுக்குச் சென்ற இளைஞர் இரண்டே ஆண்டுகளில் அங்காடி அரபில் விலைபேசவும் வழக்காடவும் பழகிவிடுகிறார். ஆனால் ஒரு நாளிதழின் தலைப்பை அவரால் படிக்க இயலாது. தையலின் விதியறிந்தவர் ஒருவர். ஊசியை மட்டும் அறிந்தவர் மற்றொருவர். ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அரபுடன் உறவாடி, அரபு லிபியில் தமிழையே எழுதி வந்த ஒரு சமூகத்துக்கு இப்பிளவு பெருமை தருவதன்று. மெய்நிகர் சூழல் நம்மிடம் செல்வாக்குப் பெறுவது இந்தப் பிளவின் வழியாகத்தான். ஆகவே அதை எள்ளி ஒதுக்குவது நேர்மையாகாது.

கணினிக்குள் ஓர் ஊர்

இம்முயற்சிகளின் வரலாறு முப்பதாண்டுகளைக் கடந்துவிட்டது. 1994இல் ஆங்கிலம் கற்கும் அயல்நாட்டு மாணவர்களுக்காக 'ஷ்மூஸ் பல்கலைக்கழகம்' என்னும் இணைய வளாகம் தொடங்கப்பட்டது. அதில் படமே கிடையாது. எழுத்தால் வருணிக்கப்பட்ட அறைகளும் தோட்டங்களுமே இருந்தன. மாணவர்கள் எழுத்தின் வழியே அவற்றுள் உலாவி உரையாடினர். 2003இல் அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 'செகண்ட் லைஃப்' என்னும் முப்பரிமாண உலகைத் திறந்தது. 2007இல் அதில் குரல்வழிப் பேச்சும் இணைந்தபோது மொழியாசிரியர்களின் ஆர்வம் பெருகியது. ஸ்பானிய மொழிக்கான செர்வாந்தெஸ் கழகமும் ஜெர்மன் மொழிக்கான கோதே நிறுவனமும் அங்கு இடம் அமைத்தன. முஸ்லிம் உலகமும் ஒதுங்கி நிற்கவில்லை. 2007 மே மாதத்தில் அங்கு முதல் தூதரகத்தைத் திறந்த நாடு நம் அண்டை நாடான மாலத்தீவு. அதே ஆண்டின் இறுதியில் 'இஸ்லாம் ஆன்லைன்' அமைப்பு ஹஜ்ஜின் கிரியைகளைப் பயிற்றுவிக்கும் பொருட்டுப் புனித இடங்களின் மாதிரியை அங்கு எழுப்பியது. அது ஹஜ்ஜுக்கான பயிற்சியே தவிர ஹஜ் ஆகாது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இச்சூழலின் மெய்யான நன்மை ஒன்று உண்டு. அது வெட்கத்தைக் குறைக்கிறது. நம் மத்ரஸாக்களில் 'லஹ்ன்' எனப்படும் பிழை நகைப்புக்குரியதாகிவிட்டது. ஓர் இஃராப் தவறினாலும் உஸ்தாத் வாக்கியத்தை நடுவில் நிறுத்துவார். சக மாணவர்கள் சிரிப்பார்கள். ஓதுவதில் இந்தக் கண்டிப்பு இன்றியமையாதது. பேசக் கற்பதிலும் அதையே கடைப்பிடித்ததால், பிழையின்றிப் பேசுவதைவிடப் பேசாதிருப்பதே பாதுகாப்பானது என்று மாணவன் கற்றுக்கொண்டான். பொம்மை உருவத்தின் பின்னால் மறைந்து பேசும்போது அந்த அச்சம் தளர்கிறது. நம் கற்பித்தல் முறைக்குக் கணினி உரைக்கும் விமர்சனமாகவே இதைக் கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த ஊர் யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கல்வி நிறுவனங்களுக்குப் பாதிக் கட்டணத்தில் இடமளித்து வந்த லிண்டன் லேப், 2010இல் அச்சலுகையை நிறுத்துவதாக அறிவித்தது. வாடகை ஏறத்தாழ இரு மடங்காக உயரவே பல நிறுவனங்கள் வெளியேறின. 2013இல் சலுகை மீண்டபோது பழைய ஆர்வம் மீளவில்லை. மத்ரஸாக்கள் வக்ஃபு நிலத்தின் மேல் நூற்றாண்டுகளாக நின்றன; நிலம் அல்லாஹ்வுக்கு உரியதென்று எழுதப்பட்டதால் எவரும் வாடகையை உயர்த்த இயலவில்லை. ஒரு வணிக நிறுவனத்தின் கணினியில் கட்டப்படும் பாலைவனத்துக்கு அந்த உறுதி கிடையாது.

படைவீரனின் ஸலாம்

மெய்நிகர் சூழலில் மொழி கற்பித்தலுக்கு அரபு மொழியே ஒரு முக்கிய எடுத்துக்காட்டாக அமைந்தது என்பதை நம்மவருள் பலர் அறியார். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான தார்ப்பாவின் நிதியுதவியுடன், லூயிஸ் ஜான்சன் என்பாரின் தலைமையில் 'டாக்டிக்கல் இராக்கி' என்னும் பயிற்சி விளையாட்டு உருவாக்கப்பட்டது. 2003இல் இராக் மீது படையெடுத்த நாட்டின் வீரர்களுக்கு இராக்கிய அரபைக் கற்பிப்பதே அதன் நோக்கம். வீரர் கணினியில் ஓர் இராக்கியக் கிராமத்துக்குள் நுழைவார். ஒலிவாங்கியில் அரபில் பேசுவார். வலக்கையை நெஞ்சில் வைத்தல் போன்ற மரியாதைக் குறிப்புகளையும் தேர்ந்து செய்வார். முறையாக நடந்துகொண்டால் கிராமத்துப் பாத்திரங்கள் நம்பிக்கை கொண்டு பேசும். மரியாதை தவறினால் ஐயுறும்.

கற்பித்தல் நுட்பம் என்ற அளவில் இதைக் குறைகூறுவது கடினம். சொல்லையும் சைகையையும் ஒழுக்கத்தையும் பிரிக்காமல் கற்பித்தது அது. வட்டார வழக்கையே தேர்ந்தது. உடனுக்குடன் பிழையை உணர்த்தியது. நம் பாடநூல்கள் பல செய்யாதவற்றை அது செய்தது. வேற்று மொழியாரோடு சைகையறியாமல் மோதுவதைவிட அறிந்து பழகுவது உயிர்களைக் காக்கும் என்னும் வாதத்திலும் உண்மை உண்டு.

எனினும் ஓர் அரபு ஆசிரியர் இவ்விடத்தில் நின்று சிந்தித்தாக வேண்டும். ஸலாம் என்பது நம் மார்க்கத்தில் ஒரு வாழ்த்துச் சொல் மட்டுமன்று. துஆவும் ஆகும், 'என்னால் உமக்குத் தீங்கில்லை' என்னும் வாக்குறுதியும் ஆகும். அதற்கு நிகரான அல்லது அதனினும் அழகிய பதிலை அளிக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 86ஆம் வசனம் பணிக்கிறது. அந்த வாக்குறுதியை, ஆயுதமேந்தி ஊருக்குள் நுழையும் ஒருவர், கதவு திறக்கும் சாவியாகப் பயின்றார். உச்சரிப்பு சரியாக இருந்திருக்கலாம்; சைகை பொருத்தமாக இருந்திருக்கலாம். ஆனால் கணினிக் கிராமத்தில் அவர் வாக்குறுதியை மீறினாலும் காயமடைய அங்கு எவரும் இல்லை. மொழியின் அதபை அதன் அமானிதத்திலிருந்து பிரித்துத் தனியே பயிற்றுவிக்க முடியும் என்பதை அவ்விளையாட்டு மெய்ப்பித்தது. அதன் வெற்றியே அதன் குறை.

எதிரொலியும் கிளியும்

இவ்விடத்தில் நம் ஃபிக்ஹு நூல்கள் நமக்கோர் அளவுகோலைத் தருகின்றன. ஸஜ்தா வசனம் ஓதப்படுவதைக் கேட்பவர் மீது ஹனஃபி மத்ஹபின்படி ஸஜ்தா வாஜிபாகிறது. ஆனால் அதே வசனத்தின் எதிரொலியைக் கேட்டாலோ, பழக்கப்பட்ட கிளியின் வாயிலிருந்து கேட்டாலோ வாஜிபாகாது என அம்மத்ஹபின் சட்ட அறிஞர்கள் எழுதினர். செவியில் விழுந்த ஒலி ஒன்றேதான். சொற்களும் அவையேதான். ஆயினும் பகுத்துணர்ந்து ஓதும் ஒருவரிடமிருந்து வராதது ஓதலாகாது என்பதே காரணம். பின்னாளில் ஒலிப்பதிவுக் கருவி வந்தபோதும் முஃப்திகள் பலர் இதே அடிப்படையில் தீர்ப்பளித்தனர்.

ஒலி வேறு, உரை வேறு என்னும் இந்த நுட்பமான பகுப்பு மொழிக் கற்பித்தலுக்கும் பொருந்தும். இன்றைய செயற்கை நுண்ணறிவு கிளியைப் போல் ஒப்பிப்பதில்லை. கேட்டதற்கேற்ப விடை சொல்கிறது, பிழை திருத்துகிறது, சலிப்பின்றி மீண்டும் சொல்கிறது என எதிர்வாதம் எழலாம். உண்மைதான். கேள்வி விடையின் தரம் பற்றியதன்று. விடையளிப்பவர் யார் என்பதே. மனிதரோடு பேசும்போது நம் சொல் அவரைப் புண்படுத்தக்கூடும், மகிழ்விக்கக்கூடும், ஓர் உடன்பாட்டில் பிணைக்கக்கூடும். அந்தப் பொறுப்பை உணர்ந்தே நாம் சொல்லைத் தேர்கிறோம். அத்தேர்வே மலகாவை ஆழப்படுத்துகிறது. இயந்திரத்தோடு பேசுவதில் வாய்க்கும் நாவுக்கும் பயிற்சி கிடைக்கும். தேர்ந்து பேசும் பொறுப்பு கிடைக்காது. தனிமையில் ஓதிப் பழகும் காரி எதிரொலியால் பயனடையலாம். அதற்காக எதிரொலியை அவர் தம் உஸ்தாதாகக் கொள்வதில்லை.

மற்றொரு சிக்கலும் உண்டு. நம் கல்லூரிகள் கற்பிப்பது ஃபுஸ்ஹா எனும் செம்மொழி. கெய்ரோவின் கடைத்தெருவிலும் பாக்தாதின் தேநீர்க்கடையிலும் ஒலிப்பது ஆம்மிய்யா எனும் பேச்சு வழக்கு. கணினியில் ஓர் அரபு அங்காடியை வரைந்து அதில் எல்லோரையும் ஃபுஸ்ஹா பேசவைத்தால், உலகில் எங்குமே இல்லாத அங்காடி ஒன்று கிடைக்கும். வழக்கைப் பேசவைத்தால், நம் மாணவன் கற்க வந்த மொழி அங்கு இருக்காது. ஃபுஸ்ஹாவின் இயல்பான சூழல் மிம்பரும் நூலும் வகுப்பும் செய்தியறிக்கையும் மாநாடுமே. அவற்றைப் பெறப் பொம்மைக் கடைத்தெரு வேண்டியதில்லை.

ஃபுஸ்ஹாவைப் பேச்சுமொழியாக்க முயன்றவர்கள் மனிதரையே நம்பினர் என்பதும் நோக்கத்தக்கது. குவைத்தில் 1979இல் தொடங்கிய 'இஃப்தஹ் யா ஸிம்ஸிம்' என்னும் சிறுவர் தொலைக்காட்சித் தொடர், ஒரு தலைமுறை அரபுக் குழந்தைகளுக்கு ஃபுஸ்ஹாவை விளையாட்டு மொழியாக்கிற்று. பாலஸ்தீன அறிஞர் அப்துல்லாஹ் தன்னான் 1977 முதல் தம் மகனிடம் ஃபுஸ்ஹாவில் மட்டுமே பேசி வளர்த்தார். அதன் பயனைக் கண்டு, முதலில் குவைத்திலும் பின்னர் டமாஸ்கஸிலும் அதே முறையில் மழலையர் பள்ளிகளை நிறுவினார். இங்கும் ஒரு சூழல் ஆக்கப்பட்டது. ஒரு தந்தையின் உறுதியே அதன் அடித்தளம்.

திரை ஒரு வாசல்

அப்படியாயின் கணினியை மூடிவிட வேண்டுமா? தேவையில்லை. அதன் இருவகைப் பயன்பாட்டைப் பிரித்தறிந்தால் போதும். 2015இல் தொடங்கப்பட்ட 'நத்தகல்லம்' என்னும் அமைப்பின் பெயருக்கு 'நாம் பேசுகிறோம்' என்று பொருள். சிரியாவின் போரில் வீடிழந்த அகதிகளை அது இணையம் வழியே அரபு மாணவர்களுடன் இணைத்தது. அகதிக்கு ஊதியம் கிடைத்தது. மாணவனுக்கு மொழி கிடைத்தது. இராக்கியக் கிராமத்தின் பொம்மைகளையும் இந்த அகதிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் திரையில்தான் தோன்றுகின்றன. ஆயினும் இரண்டாவதில் மாணவன் கூறும் ஸலாமுக்கு, அதன் பொருளை உணர்ந்த ஒருவர் பதில் கூறுகிறார். 'வீட்டார் நலமா?' என்னும் சாதாரணப் பாடநூல் வாக்கியத்தை அங்கு யோசித்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

தமிழின் அனுபவமும் இதுவே. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் கருக்கொண்டு, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் பிறந்தது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ள அந்நிறுவனம், அயலகத் தமிழர்களின் பிள்ளைகளுக்குப் பாடங்களை இணையத்தில் வழங்குகிறது. ஆயினும் அந்தந்த நாட்டில் தொடர்பு மையங்கள் வழியாகவே மாணவரைச் சென்றடைய வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் 'விர்ச்சுவல்' எனப் பெயரிட்டவர்கள் தமிழில் 'மெய்நிகர்' என்னாமல் 'இணைய' என்றே பெயர் வைத்தனர். இணைப்பதே அதன் பணி என்பதை அப்பெயர் சரியாகவே உரைக்கிறது.

ஆகவே அரபுக் கல்லூரி நிர்வாகங்களுக்குக் கூற வேண்டியது இதுதான். விலையுயர்ந்த கருவிகளை வாங்குமுன், கல்லூரி வளாகத்தில் ஒரு மணி நேரத்தையும் ஓர் இடத்தையும் ஃபுஸ்ஹாவுக்கென ஒதுக்குங்கள். அந்நேரத்தில் உஸ்தாதும் பிழைபடப் பேசத் துணியட்டும். எவரும் சிரிக்க வேண்டாம். மான்ட்ஃபோர்ட் போன்ற பள்ளிகள் ஆங்கிலத்துக்குச் செய்ததை அடிவாரத்து மத்ரஸா அரபுக்குச் செய்யத் தடையேதும் இல்லை. நம் மாணவர்களும் விடுதியில்தானே தங்குகிறார்கள்! அதன்பின் ஒரு சாதாரணக் கணினியும் இணைய இணைப்பும் கொண்டு, வாரம் ஒருமுறை அரபு நாட்டு மாணவர் ஒருவரோடு அவர்களைப் பேசவையுங்கள். தனிமையில் நாவைப் பழக்க இயந்திரம் உதவுமாயின் அதையும் பயன்படுத்துங்கள்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே: மறுமுனையில் மனிதர் இல்லாத சூழலுக்கு அரபியரின் சொல்லே தகும், அதை மெய்யென்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. மறுமுனையில் மனிதர் இருப்பின், நடுவில் எத்தனை திரைகள் இருந்தாலும் அது மெய்க்கு நிகரன்று, மெய்யேதான். கிஸாயீ பாலைவனத்தில் பதினைந்து குப்பி மையைச் செலவழித்தது மணலைப் பார்த்து எழுதுவதற்காக அன்று. அங்கு பேசியவர்களைக் கேட்டு எழுதுவதற்காக.